கல்யாணம் ஆனது போதாதாம்

மனைவியை லண்டனுக்கு அழைத்துக்கொள்ள, ஊரே கூடி நடத்திவைத்த கல்யாணம் போதாதாம். உண்மையான தம்பதிதான் என்று நிரூபிக்க வேண்டுமாம். “சாப்பிட்டாயா?”, “சாப்பிட்டேன்” என்று வாட்ஸ்அப்பில் பேசியதையெல்லாம் தேதியோடு அச்செடுத்துக்கொண்டிருக்கிறேன். ஊடலில் பேசாமலிருந்த வாரத்துக்கு எந்த அதிகாரியிடம் சான்றிதழ் வாங்குவது?

பணம் தனிக்கதை. 2024 ஏப்ரலுக்கு முன் ஆண்டு வருமானம் 18,600 பவுண்ட் காட்டினால் போதும், இப்போது 29,000. விசாக் கட்டணம் போக, மருத்துவக் கூடுதல் கட்டணம் 3,105 பவுண்ட், அதுவும் முன்கூட்டியே. மூன்று ஆண்டுக்கான கணக்கு அது. விசாவோ இரண்டே முக்கால் ஆண்டுக்குத்தான்! அவள் இன்னும் இங்கே வந்து ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

காசநோய்ப் பரிசோதனை சரி, போகட்டும். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்தவளுக்கு ஆங்கிலம் தெரியும் என்று சொல்லவும் காசு கட்டித்தான் கடிதம் வாங்க வேண்டியிருக்கிறது.