கூடு எங்கள் மரத்தில், நஷ்டமும் எங்கள் தலையிலா?

மதுரை மாவட்டம் சாப்டூர் பக்கம் மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கிற யாரிடமாவது போய், "உங்கள் மரத்தில் சாம்பல் மலை அணில் கூடு இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். இருந்தாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஏன் சொல்ல வேண்டும்? சொன்னால் வண்டி வரும், விசாரணை வரும், மரத்தில் கை வைக்காதே என்ற எச்சரிக்கை வரும். ஒரு ரூபாய் வராது.

இந்த அணில் தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இதற்காகவே 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயத்தை அறிவித்தார்கள். 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆக்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வனத்துறை நட்ட எல்லைக்கல் அணிலுக்குத் தெரியுமா? தரையில் இறங்கவே தயங்குகிற பிராணி அது. கிளைக்குக் கிளை தாவித்தான் போகும். கிளைகள் ஒன்றோடொன்று கோத்து நிற்கிற பழைய மாவும் புளியும் எங்கே இருக்கின்றனவோ அங்கே கூடு கட்டும். அந்த மரங்கள் நிறைய நிற்பது எங்கள் பட்டா நிலத்தில்.

தென்னையில் ஏறி இளங்காயை ஓட்டை போட்டுவிடும். வெட்டு அன்றைக்கு வியாபாரி அந்தக் காய்களைக் காலால் ஒதுக்கிவிட்டு, "அண்ணே, அணில் காய் கணக்குல வராது" என்பார். மாங்காய்க் குத்தகை பேசும்போதும், மலையை ஒட்டிய தோப்பு என்று சொல்லியே விலையை அடிக்கிறார்கள். சரி, நஷ்டஈடு கேட்கலாம் என்று அலுவலகம் போனால், "யானை இறங்குச்சா, பன்றி இறங்குச்சா? அணிலுக்கெல்லாம் எதுல எழுதுறது?" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

இன்னொரு பக்கம் மர வியாபாரி வருகிறார். செங்கல் சூளைக்குப் புளிய மரம் வேண்டும், ரொக்கம் கையில். மகள் கல்யாணத்துக்கு ஒருவருக்குப் பணம் வேண்டும், இன்னொருவருக்குக் கிணறு வற்றிவிட்டது, போர் போட வேண்டும். வெட்டுகிறார்கள். அவர்களைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனம் வராது. மரத்தை நிற்க விடுகிறவனுக்கு நஷ்டம், வெட்டுகிறவனுக்கு வரவு என்று கணக்கைப் போட்டு வைத்தது யார்? 1972 வனவிலங்குச் சட்டம் அணிலைக் கொல்லாதே என்கிறது, சரி. அணில் வாழ்கிற மரத்தை வைத்திருப்பவன் எதை வைத்து வாழ்வான் என்று யோசித்ததா?

அமெரிக்காவில் இதே கதை நடந்திருக்கிறது. அங்கே ஓர் அரிய மரங்கொத்தி முதிர்ந்த பைன் மரத்தில்தான் பொந்து குடையும். பொந்து வந்தால் நிலத்தின் மேல் கட்டுப்பாடு வரும் என்று பயந்து, மரம் முதிர்வதற்கு முன்னாலேயே வெட்டிவிட்டார்கள். 1995-ல் வட கரோலினாவில் அரசு இறங்கி வந்தது. நீ பறவைக்காக நிலத்தைப் பேணு, அதனால் பறவை பெருகினாலும் உன்மேல் கூடுதல் கட்டுப்பாடு போட மாட்டோம் என்று நில உரிமையாளர்களோடு ஒப்பந்தம் போட்டார்கள். கோஸ்டா ரிகா இன்னும் ஒரு படி மேலே போய், 1997 முதல் காட்டை வைத்திருக்கிற நிலக்காரருக்குப் பணமே கொடுக்கிறது. அதற்கு எரிபொருள் வரியிலிருந்து ஒதுக்குகிறார்கள். அது ஒன்றும் பெரிய பணக்கார நாடும் இல்லை.

நம் வனவிலங்குச் சட்டத்தில் 36சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. தனியார் விரும்பி முன்வந்தால் அவர் நிலத்தைச் சமுதாயக் காப்பகமாக அறிவிக்கலாம். அறிவித்த பிறகு நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டுமென்றால் நிர்வாகக் குழுவின் தீர்மானமும் வேண்டும், அரசின் ஒப்புதலும் வேண்டும். இவ்வளவையும் விட்டுக் கொடுப்பவனுக்கு வருஷம் இவ்வளவு என்று அந்தப் பிரிவில் ஒரு வரி இல்லை. யார் முன்வருவார்கள்?

எனக்கு அதிகமாக வயிறு எரிவது இதில்தான்: வயலில் புதிதாகத் தேக்கு, மகாகனி நட்டால் அரசு நாற்றை இலவசமாகத் தருகிறது, பிழைத்தால் ஊக்கத்தொகையும் தருகிறது. தாத்தா காலத்துப் புளிய மரம், கூட்டோடு நிற்கிறது, அதற்கு ஒன்றுமில்லை! அதை வெட்டிவிட்டு அதே இடத்தில் நாற்று நட்டால்தான் நான் பயனாளி.

நான் கேட்பது நஷ்டஈடு இல்லை. ஓட்டைத் தேங்காயைப் பையில் போட்டுக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைய எனக்கு விருப்பமில்லை. வாடகை கேட்கிறேன். கூட்டுக்கு இவ்வளவு என்று வைக்காதீர்கள், ஓர் அணிலே பல கூடு கட்டும். கிளை கோத்த மரங்கள் நிற்கிற ஏக்கருக்கு வருஷம் இவ்வளவு என்று வையுங்கள். குத்தகைக்கு விட்ட தோப்பானால் குத்தகைக்காரருக்கும் பங்கு கொடுங்கள், காயை இழப்பது அவர்தான். அணில் பெருகியது என்பதற்காகப் புதிய தடை எதுவும் வராது என்று எழுத்தில் கொடுங்கள்.

எங்கள் வரப்பை ஒட்டிய தோப்புக்காரரிடம் மர வியாபாரி முன்பணம் நீட்டிக்கொண்டிருக்கிறார். "தம்பி, நீ சொல்றேன்னு நிறுத்தி வச்சிருக்கேன். கவர்மெண்ட் எவ்வளவு தரும்னு கேட்டுச் சொல்லு" என்கிறார் அவர். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவருக்கு ஒரு தொகையைச் சொல்லுங்கள், வியாபாரி ரம்பத்தோடு வருவதற்கு முன்னால்.