கை வியர்வையை ஒப்பிடுமுன் அது சுரக்கும் வேகத்தை அளக்க வேண்டும்

உள்ளங்கை, விரல் நுனி, புறங்கை ஆகியவற்றின் வியர்வையில் உப்பு எவ்வளவு என்று ஒப்பிடும் அட்டவணை எதுவானாலும், அந்தந்த இடத்தில் வியர்வை எவ்வளவு வேகமாகச் சுரந்தது என்ற விவரத்தைத்தான் நான் முதலில் தேடுவேன். அது இல்லாத அட்டவணையை வைத்துக்கொண்டு, இடத்துக்கு இடம் வியர்வையின் சேர்மானம் மாறுகிறது என்று முடிவு கட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காரணம் சுரப்பியின் அமைப்பிலேயே இருக்கிறது. சுருண்டு கிடக்கும் அதன் அடிப்பகுதியில் ஊறும் நீரில் சோடியமும் குளோரைடும் ஏறக்குறைய இரத்தத்தின் நீர்ப்பகுதியில் உள்ள அளவிலேயே இருக்கின்றன. அந்த நீர் குழாய் வழியே மேலேறும்போது குழாயின் சுவர் உப்பில் பெரும்பங்கைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மெதுவாக ஏறினால் உறிஞ்சுவதற்கு நேரம் கிடைக்கும். வேகமாகப் பெருகினால் கிடைக்காது, வியர்வையும் உப்பு மிகுந்தே வெளிவரும். மன அழுத்தத்துக்கு உள்ளங்கை உடனே வியர்த்துவிடும், புறங்கையோ பெரும்பாலும் வெப்பத்துக்கே வியர்க்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சோதனைக்கு வந்தவரின் பதற்றம்கூட அட்டவணையில் 'இட வேறுபாடு' என்ற பெயரில் புகுந்துவிடலாம்.

விரல் நுனியை உருப்பெருக்கியில் பார்த்தால், ரேகை மேடுகளின் மீது வரிசையாக உள்ள துளைகளிலிருந்து வியர்வை தனித்தனிப் பொட்டுகளாக எழுவது தெரியும். இவ்வளவு சிறிய அளவைக் கையாளும்போது, ஆவியாதலே செறிவை உயர்த்திவிடும். கை முழுவதையும் கையுறைக்குள் அடைத்துச் சேகரித்தால் எல்லாப் பகுதிகளின் வியர்வையும் ஒன்றாகக் கலந்துவிடும். போதாததற்கு, ஊறிய தோலின் மேலடுக்கிலிருந்து பொட்டாசியமும் கசிந்து சேரும். வியர்வையோடு சேர்த்துக் கொழுப்பு அமிலங்களையும் அளப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை: உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது; விரல் நுனியில் கிடைக்கும் எண்ணெய் பெரும்பாலும் முகத்தையும் முடியையும் தொட்டதால் ஒட்டியது.

வியர்வையில் உப்பு மிகுந்துவிடும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸைக் கண்டறியும் வியர்வைச் சோதனையை, 1959-இல் ஆய்வாளர்கள் கிப்சனும் குக்கும் பிலோகார்பைன் மருந்தை மின்னோட்டத்தால் தோலுக்குள் செலுத்தி வியர்க்க வைக்கும் முறையால் நிலைப்படுத்தினார்கள். அதில் தோலின் மேல் பொருத்தும் மெல்லிய பிளாஸ்டிக் சுருள்குழாயில் சேகரிக்கும்போது 30 நிமிடத்தில் குறைந்தது 15 மைக்ரோலிட்டர் சேராவிட்டால், சுரக்கும் வேகம் போதவில்லை என்று, குளோரைடு அளவு என்னவாக இருந்தாலும் மாதிரியை ஏற்பதில்லை. கையின் பகுதிகளை ஒப்பிடுவோரும் அதே கண்டிப்போடு, ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியே சிறு உறிஞ்சு பட்டைகளை ஒட்டி, அவற்றின் எடை, பரப்பு, நேரம் மூன்றையும் செறிவோடு சேர்த்தே வெளியிட வேண்டும்.