முருங்கைக்குப் போன மழை

(தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளியில் ஒரு வீடு. மொட்டை மாடி முழுக்கப் புளி காய்கிறது. கால் வைக்க இடமில்லாததால், வீட்டுக்கார மாதம்மாளும் பிளம்பர் மாதேஷும் மாடிப்படியிலேயே நின்று பேசுகிறார்கள்.)

மாதேஷ்: பெரியம்மா, இந்த மழைநீர் பைப்பை எந்த அரைகுறை வைத்தது? தரைக்குள் ஒரு சாண் போகிறது, அப்புறம் ஒன்றுமே இல்லை. குழியும் இல்லை, ஜல்லியும் இல்லை.

மாதம்மாள்: உங்கப்பாதான். 2003-ல் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொல்லிவிட்டதே. பார்க்க வருகிறவர் பைப்பைத்தான் பார்ப்பார், குழியைத் தோண்டியா பார்க்கப் போகிறார் என்றார்.

மாதேஷ்: (தொண்டையைக் கனைத்துக்கொண்டு) பைப் தரமான பைப். இன்னும் விரிசல் விடவில்லை பாருங்க.

மாதம்மாள்: தண்ணீர் போனால்தானே விரிசல் விடும்? அது முதல் வருஷமே அடைத்துக்கொண்டது. மழை எல்லாம் அந்தப் பக்கத் தூம்பு வழியாகத்தான் ஊற்றுகிறது. அதை விடு, நான் கூப்பிட்டது வேறு வேலைக்கு. கேன் தண்ணீர் வாங்கிக் கட்டுப்படி ஆகவில்லை. ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரையே கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்று இருக்கிறேன். அடுப்படிக்கு ஒரு லைன் இழு.

மாதேஷ்: ஐயோ பெரியம்மா, கொதித்தால் கிருமி சாகும், நம் போர் தண்ணீரில் கரைந்திருக்கிற புளோரைடு உப்பு சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் கூடும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து. அதற்காகத்தானே 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே கொண்டு வந்தார்கள். வளரும் பிள்ளைகளுக்குப் பல்லில் கறை விழும்.

மாதம்மாள்: எனக்கு என்ன கவலை? நான் போட்டிருப்பது பல்செட்.

மாதேஷ்: எலும்பு சொந்த எலும்புதானே? வருஷக்கணக்கில் குடித்தால் அதையும் பிடிக்கும். மழைத் தண்ணீரில் இந்தத் தொல்லை இல்லை. புளோரைடு பாறையிலிருந்து கரைந்து வருவது, மேகத்தில் ஏது பாறை?

மாதம்மாள்: மழை என்ன தினமுமா பெய்கிறது?

மாதேஷ்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் மாடி ஆயிரம் சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர். நம் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சிந்தினது, காய்ந்தது எல்லாம் கழித்தாலும் 60 ஆயிரம் லிட்டர் தேறும்.

மாதம்மாள்: எனக்குக் கேன் கணக்கில் சொல்லு.

மாதேஷ்: 20 லிட்டர் கேனில் 3,000 கேன்.

மாதம்மாள்: (படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்) மூவாயிரம் கேனா? தூம்புத் தண்ணீர் விழுவது என் நாத்தனார் வீட்டு முருங்கை மேலடா! எப்படி இவ்வளவு காய்க்கிறது என்று கேட்டால், எங்கள் கைராசி என்பாள். சம்ப் கட்டு. எவ்வளவு ஆனாலும் சரி.

(மாதம்மாள் பேரம் பேசாமல் ஒரு வேலையை ஒப்புக்கொண்டதாக நல்லம்பள்ளியில் யாருக்கும் நினைவில்லை. மாதேஷுக்குத் துணிச்சல் வந்துவிட்டது.)

மாதேஷ்: அப்படியே பாத்ரூமையும் பார்த்துவிடலாம். உங்கள் பழைய பிளஷ் டேங்க் ஒரு தடவைக்குப் பத்து லிட்டர் விழுங்கும். இரண்டு பட்டன் வைத்தது மாட்டினால் சின்னதுக்கு மூன்று லிட்டர், பெரியதுக்கு ஆறு லிட்டர்.

மாதம்மாள்: உங்க பெரியப்பா டிவி ரிமோட்டிலேயே எல்லாப் பட்டனையும் அமுக்குகிற மனுஷன். இரண்டையும் சேர்த்துத்தான் அமுக்குவார்.

மாதேஷ்: அப்போதும் பத்தை எட்டாது. அப்புறம், துணி துவைத்த தண்ணீரைக் கல்வாழைப் பாத்தி வழியாக வாழைக்குத் திருப்பிவிடுகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. மழைக்காலத்தில் மாடியில் எதுவும் காயக்கூடாது. புளி காயும்போது மழை வந்தால் சம்ப்பில் ரசம்தான்.

மாதம்மாள்: மிளகு தட்டிப் போட்டால் வேலை முடிந்தது.

மாதேஷ்: விளையாடாதீங்க. முதல் மழைத் தண்ணீரை உள்ளே விடவே கூடாது. அதற்கென்று தனியாக ஒரு பைப் இறக்கி அடியில் மூடி வைப்பேன். தூசி, புறா எச்சம் எல்லாம் அதில் வெளியே போகட்டும். பிறகு வருவது ஜல்லி, மணல், கரி வழியாக வடிந்து சம்ப்புக்குப் போகும். சம்ப்பில் வெளிச்சம் படக்கூடாது, பைப் வாயில் கொசுவலை கட்டணும். குடிக்கிற தண்ணீரை மட்டும் கொதிக்க வையுங்க, கிருமிக்காக. நிரம்பி வழிவதற்கு போர் பக்கத்தில் ஒரு குழி.

மாதம்மாள்: உங்கப்பா போட்ட மாதிரியா?

மாதேஷ்: தோண்டிய குழி, பெரியம்மா. ஜல்லி கொட்டுவதற்கு முன்னால் உங்களை இறக்கியே காட்டுகிறேன்.

மாதம்மாள்: சரி, அந்த அழுக்குத் தண்ணீர் பைப்பை மட்டும் முருங்கைப் பக்கமே திருப்பிவிடு. அவளுக்கு இனிமேல் அதுதான்.

மாதேஷ்: தாராளமாக. புறா எச்சம் நல்ல உரம். அவர்கள் முருங்கை இன்னும் ரெட்டிப்பாகக் காய்க்கும்.

மாதம்மாள்: (சட்டென்று எழுந்து) அப்படியா? அதையும் நம் வாழைக்கே விடு!