அந்தப் படத்தை ஒருத்தராவது பாருங்கய்யா

எனக்கு வந்த அபராதச் சலான் படத்துல இருக்கறது ஸ்கூட்டர். வெள்ளை நம்பர் பலகை. கொக்கியில மளிகைப் பை தொங்குது, பின்னாடி மருந்துக்கடை போர்டு தெரியுது. அதே சலான்ல, அந்தப் படத்துக்கு நேர் கீழ அச்சாகியிருக்கு: வண்டி வகை, சரக்கு வாகனம். உரிமையாளர், என் பேரு. குற்றம், நோ பார்க்கிங். கட்ட வேண்டியது 250 ரூபாய்.

என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு குட்டியானை. தேங்காய் லோடு அடிக்கற வண்டி. நாலு சக்கரம், மஞ்சப் பலகை, கறுப்பு எழுத்து. அதைப் போய் ஸ்கூட்டர்னு போட்டிருக்காங்க. இல்ல, ஸ்கூட்டரைக் குட்டியானைன்னு போட்டிருக்காங்களா? எப்படிச் சொல்றதுன்னுகூட எனக்குத் தெரியல, அவ்வளவு ஆத்திரமா வருது.

தப்பு எங்க நடந்துச்சுன்னு நானே கண்டுபிடிச்சுட்டேன். அஞ்சு நிமிசம்கூட ஆகல. ரெண்டு வண்டியும் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் ரிஜிஸ்ட்ரேஷன், கே.எல். 70. கடைசி நாலு நம்பரும் ஒண்ணு. நடுவுல வர்ற எழுத்து மட்டும் வேற: என்னுது எஃப், ஸ்கூட்டரோடது ஈ. அந்த ஈ-யோட அடிக்கோட்டுல சேறு அப்பியிருக்கு. அதனால கேமரா எஃப்னு படிச்சிருச்சு. மிஷினு தப்பாப் படிக்கும், அதுக்கு நான் சண்டைக்குப் போகல. கேரளம் முழுக்க 726 கேமரா வச்சு 2023 ஜூன் 5-ல இருந்து அபராதம் போட ஆரம்பிச்சப்போ, ஹெல்மெட் இல்லாம பறக்கற பசங்க இனியாவது பொழைப்பாங்கன்னு சந்தோசப்பட்டவன் நான். ஆனா மிஷினு படிச்சதுக்கு அப்புறம் ஒரு மனுசன் உக்காந்து பார்த்துத்தானே நோட்டீஸை அனுப்பணும்? அந்த மனுசன் என்னத்தைப் பார்த்தாரு? சரக்கு வண்டிக்கு மஞ்சப் பலகைன்னு ரோட்டோரம் டீ குடிக்கறவனுக்குக்கூடத் தெரியுமே!

அன்னிக்கு, சலான்ல போட்டிருக்கற நேரத்துல, காலைல 11.20-க்கு, என் வண்டி கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சியில எடைமேடை மேல நின்னுட்டிருந்துச்சு. 11.14-க்கு அடிச்ச எடைச்சீட்டு என் கையில இருக்கு. வண்டி நம்பர், தேதி, லோடு எடை எல்லாம் அதுலயே இருக்கு. ஸ்கூட்டர் நின்ன டவுனுக்கு ஆறு நிமிசத்துல பறந்தா போக முடியும்?

இன்னொண்ணு. கேமரா வச்சுப் பிடிச்சா 15 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும். மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 167ஏ, 2021 ஆகஸ்ட்ல சேர்த்தது. வழக்கு முடியற வரைக்கும் படத்தைப் பத்திரமா வச்சிருக்கணும்னும் அதே விதியில இருக்கு. எனக்கு மெசேஜ் வந்தது 41-வது நாள்.

கொழிஞ்சாம்பாறையில இருக்கற அக்ஷயா சென்டர்ல, அதாவது கேரள அரசோட இ-சேவை மையத்துல உக்காந்து, எடைச்சீட்டு, ஆர்.சி., என் வண்டியோட நாலு பக்கப் படம் எல்லாம் ஏத்தி ஆன்லைன்ல புகார் போட்டோம். ஒன்பது நாள் கழிச்சு அந்த சென்டர் பொண்ணு கூப்பிட்டுச்சு. "அண்ணா, பதில் வந்திருக்குங்க. ஆனா ஒத்த வரிதானுங்க." சலான் சரியானது, புகார் முடிக்கப்பட்டது. அவ்வளவுதான். எதைப் பார்த்துச் சரின்னாங்க, யாரு பார்த்தாங்க, ஒரு வார்த்தை கிடையாது.

சரி, சலான் அனுப்பின ஆபீசுக்கு நேர்லயே போவோம்னு ஒரு நாள் லோடை விட்டுட்டுப் போனேன். மனுவைத் தமிழ்ல எழுதிட்டுப் போயிருந்தேன். நான் படிச்சது தமிழ் மீடியம், என் அப்பன் எழுதினதும் தமிழ்லதான். கவுண்டர்ல இருந்தவரு வாங்கிப் பார்த்துட்டு, "இது தமிழல்லே? மலையாளத்தில் எழுதிக் கொண்டு வரூ"ன்னு திருப்பி நீட்டறாரு. 1969-ல கேரளத்துலயே போட்ட ஆட்சிமொழிச் சட்டம் இருக்குங்க. மொழிச் சிறுபான்மைப் பகுதின்னு அறிவிச்ச இடத்துல தமிழரும் கன்னடரும் உள்ளூர் அரசு ஆபீசுக்கு அவங்கவங்க மொழியிலயே எழுதலாம், பதிலும் அதே மொழியில வரணும். அம்பது வருசத்துக்கு மேலாச்சு. அதை அவருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கு. சொன்னேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. படத்தையாவது பாருங்க சார், படத்துக்கு எந்த மொழியும் வேண்டாமேன்னு போனை நீட்டினேன். பார்க்கல. "250 அல்லே உள்ளூ, அடச்சு தீர்த்தோளூ சேட்டா."

அந்த வார்த்தைதான் ராத்திரியெல்லாம் தூங்க விடல. வீட்டுலயும் அதையேதான் சொல்றாங்க. மாமா சொல்றாரு, லோடுமேன் சொல்றான்: கட்டித் தொலைங்க, ஒரு நடை லோடு அடிச்சா வந்துரும். ஏன் கட்டணும்? கட்டினா நான்தான் அங்க வண்டியை நிறுத்தினேன்னு ஒத்துக்கிட்டதா ஆகும். அது என் வண்டி பேர்ல பதிவாகும். நாளைக்கு அந்த ஸ்கூட்டர் மறுபடி அதே சேத்தோட நின்னா அதையும் நானே கட்டணுமா?

கட்டாம விட்டா என்ன ஆகும்னும் தெரியும். எட்டு வருசம் தாண்டின சரக்கு வண்டி, வருசா வருசம் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானதுங்கற சான்று, எடுக்கணும். வர்ற மாசம் என் முறை. சலான் பாக்கி இருக்குன்னு அங்க நிறுத்திட்டா வண்டி ஷெட்டுலதான், வண்டி நின்னா அடுப்பும் நிக்கும். இணைய கோர்ட்டுக்குப் போனா ரெண்டே வழி, பணத்தைக் கட்டு, இல்லாட்டி வழக்காடு. வழக்காடறேன்னு சொன்னா நேர்ல கோர்ட்டுல போய் நிக்கணும். ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள் பொழப்பு. 250 ரூபாய்க்கு எவன் வரப்போறான்ங்கற தைரியத்துலதானே ஒத்த வரியில புகாரை மூடறாங்க?

நான் போறேன். வர்ற திங்கக்கிழமை மறுபடி அதே கவுண்டருக்கு. சலான் படத்தை ஏ4 தாள் முழுக்கப் பெருசாக்கி பிரிண்ட் போட்டாச்சு, அதே அளவுல என் குட்டியானை படம் இன்னொண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல புடிச்சுக்கிட்டு கண்ணாடிக்கு முன்னாடி நிப்பேன். அவர் தலையை நிமிர்த்திப் பார்க்கற வரைக்கும் அங்கிருந்து நகரமாட்டேன்.