மூன்று மாதத்தில் ஊர் திரும்பியவர்களைப் பற்றி

இலவசப் பயிற்சி முடித்து நிறுவனங்களில் வேலைக்குச் சேரும் கிராமத்துப் பிள்ளைகளைப் பற்றிச் சென்ற வார வேலைவாய்ப்பு முகாமின் மேடையில் ஒருவர் பேசினார்; அந்தக் காணொளியை மீண்டும் பகிரப் போவதில்லை. "பயிற்சியும் சாப்பாடும் இலவசமாகக் கொடுத்து, வேலையையும் வாங்கிக் கொடுத்தால், மூன்று மாதத்தில் ஊருக்கு ஓடிவிடுகிறார்கள், உழைக்க மனமில்லை" என்ற பேச்சை விட, அதற்கு எழுந்த கைதட்டல்தான் என்னை அதிகம் வருத்தியது. கைதட்டியவர்களில் என் பதிவுகளை வாசிப்பவர்களும் இருந்தார்கள்.

அன்றாடக் கூலியில் அடுப்பெரியும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை, மாதச் சம்பள வேலையில் சேரும்போது, முதல் சம்பளம் வரும்வரை எதைக் கொண்டு வாழும் என்பதை யாரும் கேட்பதில்லை. நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்.

நானும் அப்படித் திரும்பி வந்தவள். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, சென்னைக்கு அருகே தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடத்துக்கு ஒரு மாதத்தின் 11ஆம் தேதி வேலைக்குப் போனேன். அடுத்த மாதம் 7ஆம் தேதி வந்த சம்பளம் இருபது நாள் கணக்குக்கு மட்டுமே. அதில் விடுதி வாடகை, மெஸ், சீருடை, பி.எஃப். எல்லாம் பிடித்தது போக 2,300 ரூபாய் மிஞ்சியது. விடுதி அட்வான்ஸுக்காக அம்மா தோட்டை அடகு வைத்திருந்தார். வட்டியும் கட்டி, வீட்டுக்கும் அனுப்பி, நானும் சாப்பிட அந்தச் சம்பளம் இரண்டாம் மாதமும் போதவில்லை. மூன்றாம் மாதம் ஊர் திரும்பிக் களை எடுக்கப் போனேன், ஏனெனில் களை எடுத்த கூலி அன்று மாலையே கைக்கு வந்துவிடும். நிறுவனத்தின் பெயரோ பயிற்சி மையத்தின் பெயரோ இங்கே தேவையில்லை.

இதற்கெல்லாம் அரசின் பயிற்சித் திட்டத்தில் வழி இருக்கிறது என்று சிலர் எழுதுவீர்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து வேலையும் வாங்கித் தர ஒன்றிய அரசு 2014இல் தொடங்கிய தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனாவில், வேலைக்குப் போனவருக்கு மாதம் 1,000 ரூபாய், சொந்த மாவட்டத்துக்குள் என்றால் இரண்டு மாதமும், மாநிலத்துக்குள் மூன்று மாதமும், வெளிமாநிலம் என்றால் ஆறு மாதமும் தர விதி உண்டு. ஆனால் அட்வான்ஸும் பேருந்துக் கட்டணமும் வேலையில் சேரும் முதல் நாளே வேண்டும். ஊர்விட்டு ஊர் போகும் செலவுக்கு 1,000 ரூபாய் எந்த மூலைக்கு? அதே திட்டம் பயிற்சி பெற்றவர்களில் 70 விழுக்காட்டினருக்காவது வேலை தர வேண்டும் என்கிறது, மூன்று மாதம் நீடித்தால்தான் அது வேலை என்றும் கணக்கு வைக்கிறது. அந்த மூன்று மாதத்தைத் தாண்டும் வலு அந்தக் குடும்பத்துக்கு உண்டா என்பதற்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை.

பழகிய ஆள் திடீரென்று நின்றுவிட்டால் நிறுவனத்துக்கு நட்டம் என்பது நியாயமான பேச்சு, அதை ஒப்புக்கொள்கிறேன். "எங்கள் காலத்தில் எங்களுக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. தாங்கள் பட்ட துன்பத்தை அடுத்தவரும் பட வேண்டும் என்று ஏன் விரும்புகிறார்கள் என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

"ஓடிவிடுகிறார்கள்" என்ற சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. பணி ஆணையோடு நான் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் அந்தப் பயிற்சி மையத்தின் வாசல் பதாகையில் இரண்டு ஆண்டுகள் இருந்தது. அவ்வளவு காலமும் நான் ஊரில்தான் இருந்தேன். ஏன் திரும்பி வந்தாய் என்று ஒருவரும் தொலைபேசியில்கூடக் கேட்கவில்லை. கேட்காதவர்கள் என் மனத்தை மட்டும் எப்படி அளந்தார்கள்?

வரும் திங்கட்கிழமை எங்கள் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் அதே ஒரகடத்துக்கு வேலைக்குக் கிளம்புகிறார்கள். நேற்று மாலை அவர்களிடம் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்டேன். ஒருத்தி 600 ரூபாய் என்றாள். மற்றவள் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.