நார்க்கழிவை அலசாமல் போடாதீர்கள்

மைக்ரோகிரீன் (முளைத்த சில நாளிலேயே வெட்டிச் சாப்பிடும் இளங்கீரை) வளர்க்கத் தேங்காய் நார்க்கழிவே போதும் என்கிறது உங்கள் கட்டுரை. சரிதான், ஆனால் அதில் உப்பு இருக்கும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். கடையில் வாங்கிய 5 கிலோ கட்டியை உடைத்து, அப்படியே நனைத்து வெந்தயம் தூவினேன். பாதி முளைக்கவே இல்லை. அடுத்த முறை மூன்று தண்ணீர் மாற்றி அலசிப் போட்டேன், தட்டு நிறைய வந்தது. கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுதான் விழ வேண்டும். ஒழுகினால் பூஞ்சை பிடித்துவிடும்.

கடுகுக்கு இவ்வளவு பாடே வேண்டாம். நான்காக மடித்த டிஷ்யூ பேப்பரில் தூவி, அதை ஈரமாக வைத்திருந்தால் 7, 8 நாளில் வெட்டலாம். சூரியகாந்திதான் அடம்பிடிக்கும். விதையை 8 மணி நேரம் ஊறவைத்து, மண்புழு உரம் கலந்த மண்ணில் பரப்பி, மேலே எடை வைத்தால்தான் ஓடு கழன்று நிமிர்கிறது. அப்புறம் மண்ணுக்குப் பதிலாகத் தட்டில் விரிக்கும் அந்தச் சணல் விரிப்பு... கீரையோடு நாரும் வாயில் வருகிறது, எனக்குப் பிடிக்கவில்லை.