பத்து சதவீதம் என்றால் எதில் பத்து சதவீதம்?

ஓர் அம்மையார் காணொளியில் முகச் சுருக்கத்துக்கான சீரம் ஒன்றைத் தள்ளுபடிக் குறியீட்டோடு விற்றார்; அதன் கீழே ஒரு கேள்வி கேட்டதற்கு எனக்கு நல்ல அர்ச்சனை நடந்தது. 'ஊசி இல்லாத போடாக்ஸ்' (போடாக்ஸ் என்பது தசையைத் தளர்த்திச் சுருக்கத்தைக் குறைக்கும் ஊசி மருந்து) என்று விற்கப்படும் அந்த சீரத்தில் பெப்டைடு, அதாவது புரதத்தின் சிறு துண்டு போன்ற பொருள், உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டுமே கேட்டேன். பொறாமைக்காரி என்றார்கள், கிழவி என்றார்கள், "உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதே" என்றார்கள். நெற்றியில் கோடு விழுந்துவிட்டால் மருந்தாளுநருக்குக் கேள்வி கேட்கும் தகுதி போய்விடும் என்பதை எனக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை.

பெட்டியின் முன்பக்கத்தில் '10% ஆர்ஜிரலின்' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. ஆர்ஜிரலின் என்பது அசிட்டைல் ஹெக்ஸாபெப்டைடு-8 என்ற பெப்டைடின் வணிகப் பெயர். தயாரிப்பாளர்கள் அதைப் பெரும்பாலும் நீர்க்கரைசலாகவே வாங்குகிறார்கள். வழக்கமான அந்தக் கரைசலில் பெப்டைடு 0.05 சதவீதம்தான். அதில் பத்து சதவீதம் சேர்த்தால், 30 மி.லி. குப்பி முழுவதிலும் ஏறத்தாழ ஒன்றரை மில்லிகிராம் தேறும். பாராசிட்டமால் அட்டையில்கூட மருந்து 500 மி.கி. என்று அச்சிட்டிருக்கிறதே, இதில் ஏன் இல்லை என்று கேட்பது எப்படி அவதூறாகும்?

"ஆய்வு இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. 2002இல் வெளியானது; பத்துப் பெண்கள், 30 நாட்கள், சுருக்கத்தின் ஆழம் 30 சதவீதம் வரை குறைந்ததாம். செய்தவர்களில் அதைத் தயாரித்த நிறுவனத்தாரும் உண்டு. இதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

"அப்படியென்றால் பெப்டைடு எல்லாமே பொய்யா?" என்றால், அப்படி நான் எங்கும் சொல்லவில்லை. பால்மிட்டாயில் பென்டாபெப்டைடை 93 பெண்களின் பாதி முகத்தில் மட்டும் 12 வாரம் பூசிப் பார்த்த 2005ஆம் ஆண்டு ஆய்வில் சிறிய அளவில் பலன் தெரிந்தது. அதிலும் அளவு பத்து லட்சத்தில் மூன்று பங்குதான் என்று உடனே துள்ளி வருவீர்கள். வாருங்கள். அது வேறு பெப்டைடு. தோலுக்குள் இறங்குவதற்காகக் கொழுப்பமிலம் இணைக்கப்பட்டது. உங்கள் ஆர்ஜிரலினோ, நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் சமிக்ஞையைக் குறைக்கும் என்று சொல்லப்படுவது. ஏறத்தாழ 889 டால்டன் (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) எடை கொண்ட, நீரில் கரையும் மூலக்கூறு, 500 டால்டனுக்கு மேற்பட்டவற்றை எளிதில் உள்ளே விடாத தோலைக் கடந்து தசை வரை எப்படிப் போகும் என்பதையாவது அந்த அம்மையார் விளக்கியிருக்கலாம். தள்ளுபடிக் குறியீட்டை மட்டும் மூன்று முறை சொன்னார்.

"அவரவர் காசு, உங்களுக்கென்ன" என்பவர்களுக்கு மட்டும் என்னால் நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. என் அக்கா தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர். மகள் திருமணத்துக்கு முன்பு அதே வகை சீரம் ஒன்றை வாங்கி, குளிர்பதனப் பெட்டியில் முட்டை வைக்கும் குழியில் நிறுத்திவைத்து, ஒரு சொட்டு கூடுதலாக விழுந்தால் அதை வழித்துக் கழுத்தில் தடவிக்கொண்டாள். விலை கட்டுப்படியாகவில்லை என்று அவள் கைவிட்டது சன்ஸ்கிரீனை. தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோலில் நான்கரை ஆண்டுகளில் கண்டறியும்படியான முதுமை கூடவில்லை என்று ஆஸ்திரேலியாவில் நடந்த, 2013இல் வெளியான பெரிய ஆய்வு சொல்கிறது. எடுத்துச் சொன்னபோது, "உனக்கு எப்போதும் கடைக்காரி புத்திதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உடன்பிறந்தவள் சொன்னால் கடைக்காரி புத்தி. முன்பின் தெரியாத ஒருத்தி விளக்கு வெளிச்சத்தில் நின்று சொன்னால் அறிவியல்.

மெல்லிய சுருக்கங்களுக்கு டிரெட்டினாயின் என்ற வைட்டமின் ஏ வகைக் களிம்பை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1995லேயே ஏற்றுக்கொண்டது. தோல் மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்து அது; எரிச்சல் தரும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. அதைப் பற்றி அந்தக் காணொளியில் ஒரு வார்த்தை இல்லை, ஏனென்றால் மருத்துவச் சீட்டுக்குத் தள்ளுபடிக் குறியீடு கிடையாது.